வந்துகொண்டே இருக்கும் வண்டி

மெல் கில்ஹூலிக்கு வலது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. மண்வெட்டி பிடித்து வந்த வலி அவருக்குத் தெரியும். வாலிபத்திலிருந்து வனத்துறைக்காகச் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டியவர். அந்த வலி முதுகில் தனியாகக் குடியிருந்தது, தொந்தரவு பண்ணாவிட்டால் அதுபாட்டுக்குத் தூங்கும். இது வேறு. கையைத் தலைக்கு மேலே தூக்கி விளக்குப் பிடித்துப் பிடித்து வந்த வலி.

சந்து முனையில், ஊசியிலைத் தோப்பு ரோட்டை நெருக்கிக்கொண்டு வரும் இடத்தில், இருட்டியதும் மெல் கைவிளக்கோடு போய் நிற்பார். டெரிகோன் கிராமத்தில் ஆம்புலன்ஸுக்குச் சொன்ன வீட்டிலிருந்து ஒருவர் அப்படி முனைக்குப் போவது வழக்கம். வெளியூர் வண்டிக்கு அந்தச் சந்துகள் பிடிபடாது. விளக்கைப் பார்த்தால்தான் திரும்பும். வண்டி வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வீட்டுக்கு ஓட வேண்டியது.

மெல் போன் செய்தது போன நவம்பரில். வண்டி இன்னும் வரவில்லை.

அவர் மனைவி அட்ராக்டா அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது முற்றத்தில் மெல்லின் வேன் நின்றிருந்தது. டீசலும் இருந்தது. ஆனால் போனில் பேசிய பெண்ணின் குரல் நல்ல குரல், நம்பத் தோன்றும் குரல்.

"அவங்கள அசைக்காதீங்க. வண்டி கெளம்பிருச்சு. உங்க வீட்டுத் தபால் குறியீடு என்ன?"

குறியீடு மெல்லுக்குத் தெரியவில்லை.

"பரவால்ல, வழி சொல்லுங்க."

மெல் சொன்னார். டெரிகோனில் எல்லோரும் சொல்லும் வழிதான். "டவுன்லருந்து வந்தா போலீஸ் ஸ்டேஷன்ல எடது பக்கம் திரும்பணும். போஸ்ட் ஆபீஸத் தாண்டினா பால் பண்ணை. அங்க வலது. பள்ளிக்கூடத்தப் பாத்ததும் மெதுவா வரச் சொல்லுங்க, அடுத்த சந்து நம்மளது."

போலீஸ் ஸ்டேஷன் இப்போது நாய்களுக்கு முடி வெட்டும் கடை. போஸ்ட் ஆபீஸ் ஒரு ஜெர்மன்காரர் கோடைக்கு வந்து தங்கும் வீடு. பால் பண்ணை இருந்த இடத்தில் கோரை. பள்ளிக்கூடத்துக்குள் மரம் முளைத்துக் கூரைக்கு வெளியே வந்துவிட்டது. இதெல்லாம் மெல்லுக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரில் இல்லாமல் போனதை வைத்துத்தான் வழி சொல்வார்கள். இருப்பதை வைத்துச் சொல்ல அங்கே ஊசியிலை மரம் ஒன்றுதான் உண்டு, எல்லா மரமும் ஒரே ஜாடை.

"நல்லாப் புரிஞ்சுது," என்றது குரல். "நீங்க வெளக்கோட முனைக்குப் போங்க. வண்டி வர்ற வரைக்கும் எடத்த விட்டு நகராதீங்க."

மெல் நகரவில்லை. பேட்டரி செத்த பிறகுதான் வீட்டுக்குள் போனார். கெட்டில் வற்றிக் கருகியிருந்தது. அட்ராக்டா நாற்காலியிலேயே இருந்தாள். அவளுடைய ஒரு செருப்பு மட்டும் கதவுப் பக்கமாக நகர்ந்து கிடந்தது.

இனிமேல் நிற்க வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் வீட்டில் உட்கார முடியாமல் முனைக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார்.

அடக்கத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்லத் டோலன் வந்திருந்தார். அவர் வராத சாவு அந்தத் தொகுதியில் கிடையாது. செத்தவரை உயிரோடு பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்குக் கிடையாது. வரிசையில் நின்று, கை கொடுத்து, "உங்க கஷ்டத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்" என்பார். பிறகு கையை விடாமலே குரலைத் தணித்து, "வேற ஏதாவது பாக்கணுமா?" என்பார். ரோட்டுப் பள்ளம், இடுப்பு ஆபரேஷன், மகனுக்கு வீடு கட்ட அனுமதி, எல்லாம் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே பேசி முடியும்.

"ஆம்புலன்ஸ் வரல, ஜார்லத்," என்றார் மெல்.

"விடு. மன்றத்துல எழுப்பறேன்."

ஜார்லத் சொன்னால் செய்வார். போலீஸ் ஸ்டேஷனை மூடப்போகிறார்கள் என்றதும் மன்றத்தில் எழுப்பியவர் அவர்தான். போஸ்ட் ஆபீஸை எழுப்பினார். பால் பண்ணையை எழுப்பினார். பள்ளிக்கூடத்தை இரண்டு முறை எழுப்பினார். ஒவ்வொரு முறையும் உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம் வந்தது. படம் வந்து கொஞ்ச நாளில் கட்டடம் மூடப்பட்டது. இரண்டையும் சேர்த்து யோசிக்க ஊரில் யாருக்கும் நேரமில்லை.

சனிக்கிழமைதோறும் கஸி ரூனியின் மதுக்கடைப் பின்னறையில் ஜார்லத் மக்களைச் சந்திப்பார். கஸிக்கு முன்பக்கம் மதுக்கடை, பின்கொட்டகையில் சவப்பெட்டிக் கடை. நடு அறையில் உறுப்பினர். உதவியாளர் காண்செப்டா தொப்பியைக் கழற்றாமல் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை சுகாதாரத் துறையிலிருந்து வந்த பதிலை அவள்தான் படித்தாள்.

"'மேற்படி வாகனம் வழியில் உள்ளது. வாகனம் சேருமிடம் சேர்ந்த பின்னரே தாமதம் கணக்கிடப்படும். எனவே இன்று வரை தாமதம் ஏதும் நிகழவில்லை.'"

மெல் கோப்பையைக் கீழே வைத்தார். "அவள அடக்கம் பண்ணியாச்சே."

"அதையும் எழுதித்தான் கேட்டோம் மெல். அடக்கம் வேற துறையாம்."

கஸி கதவில் சாய்ந்து நின்று, "வழியிலன்னா எங்கய்யா? வழிக்கு ஒரு எடம் இருக்கும்ல?" என்றான்.

"நல்ல கேள்வி," என்றார் ஜார்லத். "குறிச்சுக்க காண்செப்டா. இதையும் எழுப்பறேன்."

அதற்குப் பிறகுதான் அந்த வண்டி கண்ணில் பட ஆரம்பித்தது. முதலில் பார்த்தவள் தபால்காரி. விடிகாலைப் பனியில், பால் பண்ணைக் கோரை ஓரமாக நின்றுகொண்டிருந்ததாம். கண்ணாடியை இறக்கி ஒரு பையன் எட்டிப் பார்த்திருக்கிறான், முகம் சாம்பல் பூத்து. போஸ்ட் ஆபீஸ் எங்கே என்று கேட்டிருக்கிறான். "தாண்டி வந்துட்டீங்களே தம்பி" என்று இவள் சொல்ல, நன்றி சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அது போன பிறகு ஈர மண்ணில் டயர் தடம் தேடினாளாம். இல்லை. பிறகு மாடு ஓட்டிப் போனவர்கள் தோப்புக்குள் நீல வெளிச்சம் சுற்றுவதைப் பார்த்தார்கள். டெரிகோன்காரர்கள் பயந்தார்கள்தான். ஆனாலும் அது நின்று கேட்டால் மரியாதையாக வழி சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இடது பக்கம் என்றார்கள்.

மெல் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. காதால் கேட்டார். தோப்புக்கு அந்தப் பக்கம், மேட்டில் ஏற முடியாமல் ஒரு என்ஜின் கியர் மாற்றும். கிட்டே வருகிற மாதிரி இருக்கும். விளக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார். சத்தம் அப்படியே மரங்களுக்குள் இறங்கிப் போய்விடும்.

கோடையில் ஒருநாள் தலைநகர் டப்ளினிலிருந்து போன் வந்தது. வருகை உறுதிப் பிரிவாம். ஜார்லத் எழுப்பியதன் பலனாகப் புதிதாகத் தொடங்கியதாம்.

"மெல்னு கூப்பிடலாமா? நல்லது. உங்க காத்திருப்பு எப்படிப் போகுது மெல்? ஒண்ணுலருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"வண்டி வருதா?"

"அது வண்டிப் பிரிவு. நாங்க காத்திருக்கறவங்களுக்காகவே இருக்கோம்."

"உங்ககிட்ட வண்டி எத்தன இருக்கு?"

"எங்ககிட்ட வண்டியே கெடையாது மெல்," என்றான் அதிகாரி பெருமையோடு. "அதனாலதான் நாங்க யார் பக்கமும் சாயாம இருக்க முடியுது. புதுக் கட்டடம், ஆத்தப் பாத்த மாதிரி. வந்தா அவசியம் வாங்க. ஏழுன்னு போட்டுக்கட்டுமா?"

ஜார்லத் விஷயத்தை மன்றத்தில் பேசும் நாளுக்கு மெல்லை டப்ளினுக்கு அழைத்துப் போனார்கள். பாதிக்கப்பட்டவர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தால் பேச்சுக்கு எடுப்பாக இருக்கும் என்றாள் காண்செப்டா. மெல் அட்ராக்டாவின் அடக்கத்துக்குப் போட்ட கோட்டையே போட்டுக்கொண்டார்.

மேலிருந்து பார்த்தால் மன்றம் அரைவட்டமாக இருந்தது. நாற்காலிகள் நல்ல நாற்காலிகள். யாருமில்லை. அவைத் தலைவர் ஒருவர், ஜார்லத் ஒருவர், எதிரே இணையமைச்சர் ஒருவர். டெரிகோன் பள்ளிக்கூடத்தைக் கடைசியாகப் பூட்டிய அன்று ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் இப்படித்தான் இருந்தது என்று மெல்லுக்குத் தோன்றியது. ஜார்லத் எழுந்து காலி நாற்காலிகளைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நடுவே மேலே மெல்லை நோக்கிக் கையைக் காட்டினார். யாரும் திரும்பவில்லை, திரும்ப ஆளில்லை.

பதில் சொல்ல எழுந்தவர் மீன்வளத்துக்கும் பந்தய நாய்களுக்கும் பொறுப்பான இணையமைச்சர். சுகாதார அமைச்சருக்கு வேறு வேலை இருந்ததால் அவருடைய பதிலை இவர் வாசித்தார். ஜார்லத் பேசி முடிப்பதற்கு முன்பே அது அவர் கையில் தட்டச்சாகித் தயாராக இருந்தது.

"உறுப்பினர் இப்பொருளை எழுப்பியதற்கு நன்றி. டெரிகோன் மக்களுக்கு ஒரு நற்செய்தி. கடந்த நவம்பர் முதல் ஒரு முழு ஆம்புலன்ஸ், இரு பணியாளர்களுடன், அப்பகுதிக்காக மட்டுமே இரவும் பகலும் ஒதுக்கப்பட்டு வழியில் உள்ளது. நாட்டில் வேறெந்தக் கிராமத்துக்கும் இவ்வசதி இல்லை. ஆகவே அங்கு நிலையம் வேண்டும் என்ற வாதத்துக்கு இடமில்லை. நிதி போதவில்லை என்பதும் சரியன்று. ஒதுக்கிய நிதியைச் செலவிட முடியாமல் திணறுகிறோம். வாகனம் போய்ச் சேர்ந்தால்தானே ரசீது வரும்." அவர் தாளைத் திருப்பினார். "நோயாளியின் உடல்நிலை குறித்தும் உறுப்பினர் கேட்டிருந்தார். நவம்பர் முதல் அவருடைய நிலையில் எவ்வித மாற்றமும் இல்லை என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது."

மெல் எழுந்து நின்றார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை.

"உக்காருங்கய்யா," என்றான் மாடத்துச் சேவகன், தோளைத் தொட்டு. வலிக்கும் தோள். "இங்கருந்து பேசக் கூடாது."

"அவ பேரு அட்ராக்டா."

"பேரும் சொல்லக் கூடாதுங்கய்யா," என்றான் அவன். இரக்கமாகத்தான் சொன்னான்.

வெளியே நடையில் இணையமைச்சர் ஜார்லத்தின் முதுகில் தட்டினார். "பிரமாதம் ஜார்லத், நல்லாப் பேசின." பிறகு மெல்லைப் பார்த்து, "இவர்தானா? தெனமும் மழையிலயா நிக்கறீங்க? அடக் கடவுளே, நனையறீங்களே. இதுக்கு உடனே ஏதாவது பண்ணியாகணும்," என்றார்.

உடனே பண்ணினார்கள். அந்த நாட்டில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்து மெல் பார்த்ததில்லை. இரண்டு லாரி வந்தது, கிரேன் வந்தது, அவர் கையால் வெட்டிய வாய்க்காலை மூடிக் கான்கிரீட் போட்டார்கள். சந்து முனையில் காத்திருப்போர் கூடம் எழுந்தது. கண்ணாடிச் சுவர், எஃகுத் தூண், கூரையில் சூரிய விளக்கு, பீடத்தில் பதித்த பித்தளைப் பட்டயம். உள்ளே ஒரு பெஞ்சு. யாரும் படுத்துத் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக அதைச் சரிவாகச் செய்திருந்தார்கள்.

"ரெண்டு ஆம்புலன்ஸ் வாங்கிருக்கலாம்," என்று காண்செப்டா செலவைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். ஜார்லத் திரும்பிப் பார்த்ததும் இருமினாள்.

கூரைக்கு அடியில் நின்றால் சூரிய விளக்கின் வெளிச்சத்தில் கைவிளக்கு ரோட்டிலிருந்து தெரியவில்லை. அதனால் மெல் வெளியேதான் நின்றார்.

திறப்பு விழா நாளன்று மலைப்பக்கம் ஒரு அடக்கம் இருந்தது. அதை முடித்துவிட்டு ஜார்லத் நேரே வந்தார். பின்னாலேயே கஸியும் காலிச் சவவண்டியை ஓட்டிக்கொண்டு வந்து ஓரம் கட்டினான். திறப்பு விழாவுக்கு இலவச சாண்ட்விச் உண்டு. ஊர் திரண்டிருந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர். ரிப்பன்.

"இந்த மக்களுக்காக நான் எழுப்பாதது எதுவும் இல்ல," என்றார் ஜார்லத். "ஸ்டேஷன எழுப்பினேன். போஸ்ட் ஆபீஸ எழுப்பினேன். பால் பண்ணை, பள்ளிக்கூடம், ஒண்ணையும் மிச்சம் வைக்கல. இன்னிக்கு இந்த முனையில ஒரு கட்டடம் நிக்குதுன்னா..."

அங்கே நிறுத்தினார். கைத்தட்டலுக்கு நிறுத்துகிறார் என்று நினைத்துச் சிலர் தட்டினார்கள். ஜார்லத் நெஞ்சில் கையை வைத்து, ரிப்பனையும் இழுத்துக்கொண்டு, மண்டி போட்டார்.

தூக்கிப் பெஞ்சில் கிடத்தினார்கள். சரிந்து விழுந்தார். மறுபடி கிடத்தினார்கள். மறுபடி சரிந்தார். கடைசியில் இரண்டு பேர் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். காண்செப்டா போன் செய்தாள். எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

"அந்த எடத்துக்கு ஏற்கெனவே ஒரு வண்டி வழியில இருக்கு," என்றது குரல். மெல்லுக்கு அந்தக் குரல் தெரியும். "ஒரே எடத்துக்கு ரெண்டு அனுப்ப முடியாது. வெளக்கோட யாராவது நிக்கறாங்களா?"

"அது போன வருஷத்து வண்டிம்மா," என்றாள் காண்செப்டா. "அது வராது."

"அப்ப மொதல் அழைப்ப ரத்து பண்ணணும். கூப்பிட்டவரே பண்ணணும். அவர் பக்கத்துல இருக்காரா?"

போனை மெல் கையில் கொடுத்தார்கள். ஊரே அவரைப் பார்த்தது.

"ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும் மெல்," என்றது குரல். "நோயாளிக்கு ஆம்புலன்ஸ் தேவைப்படலன்னு சொல்லுங்க. உடனே மூடிருவேன். புது வண்டி கெளம்பிரும்."

மெல் வாயைத் திறந்தார். "தேவப்பட்டுச்சே," என்றார்.

"அப்படிச் சொன்னா என்னால மூட முடியாது."

"வரலன்னு எழுதிக்க. அவ செத்துட்டான்னு எழுதிக்க. அது ரெண்டும் நெசம்."

"அந்த ரெண்டுக்கும் எங்ககிட்ட எடம் இல்லைங்க. தேவைப்படல, இல்லன்னா வழியில இருக்கு. ரெண்டுல ஒண்ணு."

"சொல்லித் தொலைய்யா," என்றான் கூட்டத்தில் ஒருவன். "ஒரு வார்த்ததான."

"அவங்களுக்கு இனி என்ன ஆகப்போகுது மெல்," என்றாள் காண்செப்டா, அழுகிற குரலில். "சும்மா சொல்லிருங்க."

ஜார்லத் பெஞ்சிலிருந்து மெல்லின் கோட்டைப் பிடித்தார். "மெல்," என்றார். அவ்வளவுதான் வந்தது. அவர் உதட்டு ஓரம் நீலம் பூத்திருந்தது. அந்த நிறத்தை மெல் ஒரு தடவை அடுப்படியில் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, ஒரு நல்ல குரலைக் கேட்டுக்கொண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறார்.

அவர் ரோட்டைப் பார்த்தார். ஓரத்தில் அந்த நீளமான கறுப்பு வண்டி நின்றது.

"கஸி. பின் கதவத் தெற."

"யோவ், அது பொண வண்டிய்யா."

"சக்கரம் இருக்குல்ல? தெற."

"அவர அசைக்காதீங்க," என்றது போனிலிருந்து குரல். "மெல், கேக்குதா? அவர அசைக்கவே கூடாது."

மெல் போனைப் பட்டயத்தின் மேல் வைத்தார். ஜார்லத்தின் அக்குளில் இரு கைகளையும் கொடுத்து, வனத்துறைக் கட்டையைத் தூக்குவதுபோல் தூக்கினார். தோள் பொறி கலங்க வலித்தது. "காலப் புடிங்கடா," என்றார். பிடித்தார்கள். உறுப்பினரைப் பூச்சரங்களுக்கு நடுவே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கஸி அந்த வண்டியை வாழ்நாளில் அதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினான். வழியில் வயலில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உள்ளேயிருந்து ஜார்லத் கையை உயர்த்தி அவர்களுக்கு ஆட்டினாராம். பழக்கம். இரண்டு பேருக்கு அன்று முதல் தூக்கமில்லை.

ஜார்லத் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி நடையில் சக்கரக் கட்டிலில் ஒரு வாரம் கிடந்தார், வார்டில் இடமில்லை. அங்கிருந்தபடியே தன் விஷயத்தையும் எழுப்பினார். பதில் வந்தது: ஒரே இடத்துக்கான இரு அழைப்புகளும் இணைக்கப்பட்டுள்ளன, வாகனம் வழியில் உள்ளது, உறுப்பினரின் நிலையில் மாற்றமில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் ஜார்லத் சந்து முனைக்கு வந்தார். பத்திரிகைக்காரர் இல்லை, காண்செப்டா இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கூடத்துக்குள் போகாமல் மெல் பக்கத்திலேயே மழையில் நின்றார்.

"உனக்கு நான் என்ன செய்யட்டும் மெல்? மறுபடி எழுப்ப..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டார்.

"எழுப்ப வேண்டாம். இதக் கொஞ்சம் புடி. எனக்குக் கை வலிக்குது."

ஜார்லத் விளக்கை வாங்கி உயர்த்திப் பிடித்தார். தோப்புக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஒரு என்ஜின் கியர் மாற்றியது. ஜார்லத் விளக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"அதுவா?"

"அதுதான்."

நீல வெளிச்சம் மரங்களில் ஒரு சுற்றுச் சுற்றியது. சத்தம் கிட்டே வந்தது. பிறகு பள்ளிக்கூடம் இருந்த பக்கமாக இறங்கிப் போய்விட்டது.

ஜார்லத் கடிகாரத்தைப் பார்த்தார். கீழ்த்தெருவில் ஒரு சாவு, கை கொடுக்கப் போக வேண்டும் என்றார். மெல் விளக்கைத் திரும்ப வாங்கி இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

அரசாங்கம் டெரிகோனுக்கு ஒரு கண்ணாடிக் கூடம் கொடுத்துவிட்டது. அட்ராக்டா கில்ஹூலிக்கு ஓர் ஆம்புலன்ஸ் பாக்கி.